தங்கவயலில் பேய் தேடுகிறவர்களுக்கு

டிரோன் மேலே ஏறுகிறது. துருப்பிடித்த ஷாப்ட் கோபுரம், ஓடு சரிந்த துரைமார் பங்களா, சுற்றிலும் புதர். "யாருமே இல்லாத ஊர் நண்பர்களே" என்கிறது ஒரு குரல். கோலார் தங்கவயலைப் பற்றி இணையத்தில் குவிந்து கிடக்கும் வீடியோக்கள் பலவும் இந்த அச்சில்தான் வருகின்றன.

யாருமே இல்லையா? விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் போய் நில்லுங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தால் பெரிது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்கள் கண்ணில் படாத கேமராவுக்குப் பேய் மட்டும் எப்படித் தெரிகிறது?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் அரசு சுரங்கத்தை மூடியது. இடையில் வெட்டி எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் பாறையில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன நம் மக்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அது வந்தது இயந்திரங்களுக்கு. தொழிலாளி மூங்கில் தட்டிக் குடிசையில் கிடந்தான். பாறை வெடித்துச் செத்தவர்கள் போக, மிச்சமிருந்தவர்களின் நுரையீரலைச் சிலிக்கா தூசி தின்றது.

'குட்டி இங்கிலாந்து' என்று உருகுகிறவர்கள் அந்த பங்களாக்களின் பின்வாசலைக் காட்டுவதே இல்லை. 2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்' படம் இன்னும் ஒரு படி மேலே போய், அடிமைக் கூட்டத்தைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஒரு நாயகனை இறக்கியது. 1930-லேயே கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளுக்கு நாயகன் தேவைப்படவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் காலத்திலேயே மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் நடந்தது. அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. 1926-ல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக மறுபடி வெளிவந்ததும் அங்கிருந்துதான். இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்கிறோம் என்றால், அதில் சுரங்கக் கூலியின் காசும் இருக்கிறது. எந்த டிரோனுக்கு இது தெரியும்?

'கைவிடப்பட்ட கட்டடங்கள்' என்ற சொல்லே நமக்கு ஒப்பவில்லை. கட்டடங்களையா கைவிட்டார்கள்? 2011-ல்கூட இதே ஊரில் மலக்குழியில் இறங்கி மூன்று பேர் செத்தார்கள். தங்கம் தீர்ந்ததும் சாதி தீரவில்லை.

தோழர்களே, போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஷாப்ட் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாமல் லைன் வீடுகளுக்குள் போங்கள். எந்த ஷாப்டில் இறங்கினீர்கள், எந்த ஊரிலிருந்து தாத்தா வந்தார், குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய கடைசித் தலைமுறைக்கும் வயதாகிவிட்டது, இன்னும் பத்து வருடம் பொறுத்தால் கேட்க ஆளிருக்காது. முடிந்தால் ஆடிக் காற்றில் போங்கள். சயனைடு மேட்டின் தூள் பறந்து வந்து சோற்றுப் பானையில் படிவதையும் படமெடுக்கலாம்.