குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு போத்தல்

சகோதரிகளே, இந்த மாதம் உங்களை ஒரு விசித்திரமான வேலை செய்யச் சொல்லப் போகின்றேன். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் குசினிக்குள் முழந்தாளில் ஒருமுறை நடந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்துக்கு நாமும் இறங்கிப் பார்த்தால்தான் அதற்கு எது எட்டும், எது கண்ணில் படும் என்பது விளங்கும். நாம் நின்றுகொண்டு பார்க்கும் வீடு ஒன்று, அந்தப் பிள்ளை பார்க்கும் வீடு வேறொன்று.

இதை நான் ஏன் எழுதுகின்றேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். 2022ஆம் ஆண்டு நோன்பு காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் மாதம், கேஸ் இல்லை, கரண்ட் இல்லை. கேஸ் அடுப்பை ஓரமாக்கி வைத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பையும் குப்பி விளக்கையும் தூசு தட்டி எடுத்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வாப்பா நோன்போடு அரை நாள் வரிசையில் நின்று கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி வந்தார். அதைச் சிந்தாமல் சிதறாமல் வைக்க வேண்டுமே என்று அந்தப் பிள்ளையின் உம்மா வெறும் சோடாப் போத்தல்களைக் கழுவி அவற்றில் ஊற்றி வைத்தார். ஒன்று மட்டும் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றது, கைக்கு எட்டினால் வசதி என்று.

அஸருக்குப் பிறகு, கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம், இரண்டரை வயது மகன் அந்தப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டான். உம்மாவின் சத்தம் கேட்டு நாலைந்து வீட்டுப் பெண்கள் ஓடினோம். ஒருவர் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வையுங்கள் என்றார். இன்னொருவர் துருவிய தேங்காயைப் பிழிந்து பாலைப் பருக்கினார். பிள்ளை வாந்தி எடுத்தான். எல்லோரும் "அல்ஹம்துலில்லாஹ், வெளியே வந்துவிட்டது" என்றோம். அதன் பிறகுதான் இருமல் தொடங்கியது. மூச்சு வேகமாகியது. வைத்தியசாலையில் ஒட்சிசன் வைத்துப் பல நாட்கள் இருந்து, பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான்.

தேங்காய்ப்பால் பருக்கியவள் நான்தான். என் உம்மும்மா எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். நல்லது செய்கின்றோம் என்றே செய்தேன்.

வார்ட்டில் இருந்த டாக்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒன்றைப் பொறுமையாக விளக்கினார். மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போய்ச் செய்யும் கெடுதியை விட நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கெடுதியே பெரிது. அது மெல்லிய எண்ணெய். தொண்டைக்கு வந்தால் மூச்சுக்குழாய்க்குள் வழுகிப் போய்விடும், போன இடத்தில் பரவும். பிள்ளை குடிக்கும்போது கொஞ்சம் போயிருக்கலாம். நாம் வாந்தி எடுக்க வைக்கும்போது அது இரண்டாவது தடவையாகத் தொண்டை வழியே வருகின்றது. அப்போது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். தேங்காய்ப்பாலும் பசும்பாலும் வயிற்றை நிரப்பி வாந்திக்கு வழி செய்வதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ஆகவே, வாய்க்குள் விரலை விடவும் வேண்டாம், எதையும் பருக்கவும் வேண்டாம். எண்ணெய் பட்ட உடுப்பைக் கழற்றி, மேலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, குடித்த போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். பிள்ளை சிரித்து விளையாடுகின்றதே என்று நின்றுவிட வேண்டாம். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கின்றது. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் ஓடுகின்றது, காசு இல்லை. இரவு இரண்டு மணிக்கு அயலவர் வீட்டுக் கதவைத் தட்ட வெட்கப்படும் நம்மைப் போன்றவர்கள் இந்த இலக்கத்தைக் குசினிச் சுவரிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பிள்ளை ஏன் குடித்தான் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அவனுக்கு மண்ணெண்ணெய் தெரியாது, போத்தல் தெரியும். பெருநாளைக்கு அதே போத்தலில்தானே சோடா ஊற்றிக் கொடுத்தோம்! நம் வீடுகளில் வெறும் போத்தலை எறிய மனம் வராது. அதில் தின்னர் இருக்கும், கழிவறை கழுவும் மருந்து இருக்கும், வயல் செய்யும் வீடுகளில் கிருமிநாசினி இருக்கும், இறப்பர் பால் வெட்டும் பகுதிகளில் பால் உறைய வைக்கும் அசிட் இருக்கும். அசிட் குடித்த பிள்ளையையும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியெல்லாம் எரித்தது திரும்பி வரும்போதும் எரிக்கும். குடிக்கும் சாமான் வந்த போத்தலில் குடிக்காத எதையும் ஊற்றுவதில்லை என்று ஒரு சட்டத்தை வீட்டில் போட்டுவிடுங்கள். மாமியாருக்கும் சேர்த்துத்தான்!

மருந்துகளும் அப்படித்தான். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை பிள்ளையின் கண்ணுக்கு இனிப்பு மாதிரி. ஆனால் பல மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் அது சிறு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மூத்தவர்களின் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், பிள்ளையின் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இந்த மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? உம்மும்மாவின் தலையணைக்குக் கீழே, வெற்றிலைத் தட்டத்துக்குள், முடிச்சுப் போட்ட சீலைத் தலைப்பில். அவரிடம் மரியாதையாகச் சொல்லி, அலுமாரியின் மேல் தட்டுக்கு மாற்றிக் கொடுங்கள். "இது டொபி" என்று சொல்லி மருந்து பருக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விளையாட்டுச் சாமான்களிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் போன்ற சின்ன பற்றரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை எரித்துவிடும். மலத்தோடு போகும் என்று காத்திருக்கவே கூடாது.

சஹர் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரைத் தூக்கத்தில் அடுப்படியில் நிற்கின்றோம். எழும்பிய பிள்ளை சீலையைப் பிடித்துக்கொண்டு காலடியில் நிற்கும். கொதிக்கும் தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பில் வைத்தால், விரித்திருக்கும் துணியை ஒரு இழுப்பு இழுக்க அதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீர். 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். பற்பசை வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். உடுப்பு தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், ஒட்டாததைக் கழற்றுங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்கு.

குப்பி விளக்கு இன்னும் எரியும் வீடுகளுக்கு ஒரு செய்தி. நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, விளக்கு சரிந்து எரிந்துபோனவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, 1990களின் தொடக்கத்தில் சரியாத ஒரு விளக்கைச் செய்தார். கட்டையான, பாரமான கண்ணாடி. பக்கங்கள் தட்டையாக இருப்பதால் சரிந்தாலும் உருளாது. திருகு மூடி போட்டிருப்பதால் எண்ணெய் கொட்டாது. மாமைட் போத்தலின் வடிவத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். 'சுதீப' என்ற பெயரில் வந்த அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உயரமான போத்தலில் திரி போட்டு எரிப்பவர்கள் அதை இன்றைக்கே நிறுத்திவிடலாம்.

தண்ணீரைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. கட்டு இல்லாத கிணறு, மூடாத தொட்டி, பள்ளிவாசல் ஹவுழ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த ஆபத்துகள். ஆனால் உடுப்பு ஊறப் போட்ட வாளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நடை பழகும் பிள்ளைக்குத் தலைதான் பாரம். எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் நிமிர முடியாது, சத்தமும் வராது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

றம்புட்டான் காலத்தில் வருடா வருடம் கேட்கும் துக்கச் செய்தி ஒன்று உண்டு. வழுவழுப்பான கொட்டை தொண்டைக்குள் போய் அடைத்துவிடுகின்றது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சதையைக் கொட்டையிலிருந்து சீவி எடுத்துக் கொடுங்கள், கச்சானைக் கொடுக்கவே வேண்டாம். அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் போனால், குனிய வைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையை மடக்கி உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தடவை அழுத்துங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றில் அல்ல, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடி இன்னும் உள்ளே தள்ளிவிட வேண்டாம். இதை எழுத்தில் படிப்பது போதாது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வரும்போது ஒரு பொம்மையை வைத்துக் காட்டித் தரச் சொல்லுங்கள்.

வெளியே போனால்? பெருநாள் அன்று மோட்டார் சைக்கிளில் வாப்பா, உம்மா, நடுவில் ஒன்று, முன்னால் தாங்கியில் ஒன்று. பார்க்க அழகுதான், எனக்கோ நெஞ்சு பதறும். முச்சக்கர வண்டியில் பிள்ளையை ஓரத்தில் இருத்தாமல் நடுவில் இருத்துங்கள், சாரதியின் மடியில் ஒருபோதும் வேண்டாம். இதற்கு மேல் இதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்லத் தயங்கும் விஷயம் வேறு. ஒரு சகோதரி ஒருமுறை என்னிடம் வந்து மனம் விட்டுப் பேசினார். அவருடைய மகள் ஏழு வயதில், பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கின்றாள். சோம்பல் என்று எண்ணி அதட்டி அனுப்பியிருக்கின்றார். மகள் வளர்ந்து திருமணமும் முடித்த பிறகு ஒரு நாள், "உம்மா, அன்றைக்கு ஏன் போக மாட்டாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே" என்றாளாம். அதற்கு மேல் அந்தச் சகோதரியால் பேச முடியவில்லை.

பிள்ளைகளைக் கெடுப்பவன் பெரும்பாலும் தெரியாத மனிதன் அல்ல. வீட்டுக்கு வந்து போகின்றவன், நாம் நம்பிச் சலாம் சொல்கின்றவன். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கின்றது, அதை நாம் மறந்துவிடுகின்றோம். மூன்று வயதிலேயே உடம்பின் மறைவான இடங்களுக்கு உரிய பெயரைச் சொல்லிக் கொடுங்கள். குளிப்பாட்டும் உம்மாவும், உம்மா பக்கத்தில் நிற்கும்போது டாக்டரும் தவிர யாரும் அங்கே தொடக் கூடாது என்று சொல்லுங்கள். "உம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் உம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். மாமாவுக்கு முத்தம் கொடு என்று அழும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளை வந்து ஏதாவது சொன்னால், உங்கள் முகம் மாறாமல் கேளுங்கள். அடிக்காதீர்கள், "நீ ஏன் அங்கே போனாய்" என்று கேட்காதீர்கள், சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் பிழை இல்லை" என்று மட்டும் சொல்லிக் கட்டி அணைத்துக்கொள்ளுங்கள். மானம் போய்விடும் என்று குடும்பத்துக்குள் பேசி முடித்தால், அந்த மனிதன் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவான். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் இரவு பகலாக எந்த நேரமும் சொல்லலாம். அந்த இலக்கத்தையும் 1990க்குப் பக்கத்தில் அதே சுவரில் எழுதிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் தெரியும்படி கொஞ்சம் கீழே.