‘நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு?’ என்று கேட்பவர்களுக்கு

அன்பு மாணவர்களே, உறவுகளே,

லேப்டாப் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள் என்று குடும்பக் குழுவில் நான்கு வரி போட்டிருந்தேன். நான்கு விதமான பதில் வந்தது. “நம்மகிட்ட என்ன பெரியப்பா ரகசியம் இருக்கு?” “பாஸ்வேர்டுதான் போட்டிருக்கோமே சார்.” “அதெல்லாம் தப்பு பண்றவனுக்குத்தான் தேவை.” “சாவி மறந்துட்டா எல்லாம் போச்சு, எதுக்கு வம்பு?” நான்குக்கும் பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் பீரியடில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

முதலில் பாஸ்வேர்டு கதை. விண்டோஸைத் திறக்கும்போது கேட்கிற பாஸ்வேர்டு வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. வாசல் வழியாக வருகிறவனைத்தான் அவர் கேட்பார். லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் வாட்ச்மேனுக்கு வேலையே இல்லை. உங்கள் ‘டாக்குமெண்ட்ஸ்’ பென்டிரைவ் மாதிரி திறக்கும். கழற்றக்கூட வேண்டாம், லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவில் இருந்து கணினியைத் துவக்கினாலே பல மெஷின்களில் போதும். இதற்குப் பெரிய ஹேக்கர் தேவையில்லை. ஓசூரில் எந்த சர்வீஸ் கடைப் பையனுக்கும் தெரியும்.

என்கிரிப்ஷன் செய்வது வேறு வேலை. டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுகிறது. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனவனுக்கு வெறும் குப்பைதான் கிடைக்கும்.

எவ்வளவு உறுதி என்று கேட்பீர்கள். கணக்கு வாத்தியார் கணக்கிலேயே சொல்கிறேன். இன்று பரவலாகப் பயன்படும் முறையின் பெயர் ஏ.இ.எஸ். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இருவர் வடிவமைத்தது, 2001-ல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றது. 128 பிட் சாவி என்றால் 2-ஐ 128 தடவை பெருக்க வேண்டும். அது 39 இலக்க எண். நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் ஒரு இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சோதித்து முடிக்க, இந்தப் பிரபஞ்சத்தின் வயதைப்போல சுமார் 78 கோடி மடங்கு காலம் ஆகும். நம்பாதவர்கள் போட்டுப் பாருங்கள், விடை சரியாக வரும்.

இரண்டாவது, ‘என்ன ரகசியம்’ என்ற கேள்வி. உங்கள் லேப்டாப்பைத் திறந்து எண்ணுங்கள். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பிள்ளையின் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், நிலத்தின் பட்டா, சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட், கல்யாண ஆல்பம், பிரவுசரில் சேமித்து வைத்த இருபது பாஸ்வேர்டு. இதையெல்லாம் ரகசியம் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் இந்தக் கட்டை சூளகிரி பஸ் ஸ்டாண்டில் யாருக்காவது ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா? அப்போது அது யாரும் பார்க்கக் கூடாதது. அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரின் நிலையையும் யோசியுங்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் சிப்காட்டில், மீதிப் பேர் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில். தினமும் லேப்டாப் பை தோளில் தொங்க, நின்றுகொண்டே பஸ் பயணம். பழசானால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தள்ளிவிடுகிறோம். விற்பதற்கு முன் ‘டெலிட் பண்ணிட்டேன்’ என்று நிம்மதி வேறு.

டெலிட் செய்தால் போய்விடுமா? எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர் பழைய டிஸ்க் 158 வாங்கிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் இருந்து 5,000-க்கும் மேல் கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. விற்றவர்களில் பலரும் ‘டெலிட் பண்ணிட்டேன்’ ஆட்கள்தான். இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் மேலே மேலே எழுதி அழிக்கிற பழைய உத்தியையும் நம்ப முடியாது. முதலிலேயே என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால், விற்கும்போது சாவியை அழித்தால் முடிந்தது.

என்னிடம் படித்த ஒரு பெண். திரை உடைந்த லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தாள். பாஸ்வேர்டு சொல்லவில்லை. திரை மாற்ற அது தேவையும் இல்லை. மூன்று வாரம் கழித்து, அவள் வீட்டுப் படங்கள் முகம் தெரியாத ஒரு எண்ணில் இருந்து அவள் தங்கைக்கு வந்தன, பணம் கேட்டு. வளைகாப்புப் படங்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் படம் ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இதையெல்லாம் ஏன் லேப்டாப்பில் வச்சிருந்த?” டிஸ்க்கைக் கழற்றினவனை யாரும் கேட்கவில்லை. போலீசுக்குப் போக வேண்டாம், மானம் போகும் என்று அமுக்கிவிட்டார்கள். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். நம்மிடம் என்ன ரகசியம் என்று கேட்கும் ஆண்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். ரகசியம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அதே லேப்டாப்பில் இருக்கும் உங்கள் வீட்டுப் பெண்கள் சார்பில் முடிவெடுக்க நீங்கள் யார்?

மூன்றாவது, ‘தப்பு பண்றவனுக்குத்தான்’ என்பது. இதை எனக்கு எந்தப் போனில் இருந்து டைப் செய்தீர்கள்? ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த எந்தப் போனும் என்கிரிப்ட் செய்யப்பட்டுத்தான் வருகிறது. ஐபோனும் அப்படியே. நீங்கள் எல்லாரும் பல வருஷமாக என்கிரிப்ஷனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள். போனில் இருந்தால் நல்லவர், லேப்டாப்பில் போட்டால் கெட்டவரா?

இந்தச் சந்தேகம் அரசாங்கத்துக்கும் ஒரு தடவை வந்தது. 2015 செப்டம்பரில் தேசிய என்கிரிப்ஷன் கொள்கை என்று ஒரு வரைவை மத்திய அரசு வெளியிட்டது. பூட்டி அனுப்பிய தகவலின் பூட்டாத பிரதியை 90 நாள் வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே வாபஸ் வாங்கினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். குற்றம் செய்தவனைப் பிடிக்க வழியில்லாமலும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-வது பிரிவின்படி, முறையான உத்தரவு இருந்தால் பூட்டைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. அரசாங்கத்துக்கே உத்தரவு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடைக்காரனுக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்போம் என்கிறீர்களா?

நான்காவது, சாவி மறந்துபோகும் பயம். இதில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சாவி போனால் எல்லாம் போகும். யாராலும் மீட்க முடியாது, மீட்க முடிந்தால் அது பூட்டே இல்லை. ஆனால் நம் வீட்டு பீரோவுக்கும் சாவி இருக்கிறது. தொலைந்துவிடுமே என்று யாரும் நகையைத் திண்ணையில் வைப்பதில்லை. விண்டோஸில் மீட்புச் சாவி 48 இலக்கம். ஒரு தாளில் தெளிவாக எழுதி, எல்.ஐ.சி. பாண்டு இருக்கிற கவரில் வையுங்கள். மனைவிக்கோ கணவனுக்கோ இடத்தைக் காட்டுங்கள். நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும் பென்ஷன் பேப்பர் அவர்களுக்கு வேண்டும் அல்லவா? சாவி எழுதின தாளை அதே லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள். இன்னொன்று, படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் பிரதி வேண்டும், அதுவும் பூட்டியே. பிரதி இல்லாதவன் டிஸ்க் கெட்டாலும் அழத்தான் போகிறான். என்கிரிப்ஷன் மேல் பழி போடக் கூடாது.

நம் ஊரில் நடக்கும் ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். புது லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரே தன் மெயில் ஐ.டி.யைப் போட்டு செட் செய்து கொடுக்கிறார். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் இருந்து புதிய விண்டோஸ் 11 மெஷின்கள் பலவும் தானாகவே என்கிரிப்ட் ஆகின்றன. மீட்புச் சாவி அந்த மெயில் கணக்குக்குப் போகிறது. அதாவது உங்கள் பீரோ சாவி கடைக்காரர் வீட்டில்! மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் அமைப்பு மாறினாலோ திரையில் 48 இலக்கம் கேட்கும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியும். ஆகவே வேண்டாம் என்று இருப்பவர்களும், ஏற்கெனவே பூட்டு விழுந்திருக்கிறதா, சாவி யாரிடம் என்று பார்த்தே ஆக வேண்டும்.

அரைகுறையாகச் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘டி டிரைவை மட்டும் பூட்டிட்டேன் சார்’ என்று இன்ஜினியரிங் படித்த பையன் ஒருவன் பெருமையாகச் சொன்னான். டவுன்லோட்ஸ் எங்கே இருக்கிறது? சி-யில். வாட்ஸ்அப், பிரவுசர் பாஸ்வேர்டு? சி-யில். நீ டி-யில் திறந்த கோப்பின் தற்காலிகப் பிரதி விழுவதும் பெரும்பாலும் சி-யில். லினக்ஸில் ஹோம் பார்ட்டிஷனை மட்டும் பூட்டி ஸ்வாப்பைத் திறந்து விட்டாலும் இதே கதை. உள் அறைக்குப் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. முழு டிஸ்க்கையும் பூட்டுங்கள்.

எப்படி? விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’ பகுதியில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா பாருங்கள். புரோ பதிப்பில் ‘பிட்லாக்கர்’. மேக் என்றால் ‘ஃபைல்வால்ட்’. உபுண்டு போடுகிறவர்கள் நிறுவும்போதே என்கிரிப்ஷனைத் தேர்வு செய்யுங்கள், பிறகு மாற்றுவது பெரிய வேலை. எதுவும் இல்லாத பழைய மெஷினுக்கு ‘வெராகிரிப்ட்’ இலவசம். எதைத் தொடும் முன்பும் பிரதி எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டில் கோட்டை விட்டால் 78 கோடி மடங்கு கணக்கு செல்லாது. ஊர் பெயரும் 123-ம் வேண்டாம். குறளை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களே, தமிழ்நாட்டில் பாதிப் பேர் அதைத்தான் யோசிப்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. லேப்டாப் திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிற வைரஸை இது தடுக்காது. ஓ.டி.பி.யை நீங்களே சொன்னாலும் காப்பாற்றாது. ஸ்லீப்பில் போட்டால் சாவி மெமரியில் நிற்கும், பஸ் ஏறும் முன் முழுசாக ஷட் டவுன் செய்யுங்கள். தொலைவது, திருட்டு, சர்வீஸ், விற்பனை இந்த நான்குக்கும்தான் மருந்து. நம் ஊரில் அதிகம் நடப்பதும் இந்த நான்கும்தான்.

கடைசியாக, என் மாணவர்களில் ஜெராக்ஸ் கடை, நெட் சென்டர், டியூஷன் சென்டர், பள்ளி அலுவலகம், ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கு. உங்கள் டெஸ்க்டாப்பில் ஊர் ஜனங்களின் ஆதார் எல்லாம் அப்படியே கிடக்கிறது. அது உங்கள் சொத்து இல்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடுகளில் என்கிரிப்ஷனும் பெயர் சொல்லி இருக்கிறது. முக்கியக் கடமைகளுக்குக் கொடுத்த அவகாசம் 18 மாதம். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி வரை போகலாம். அபராதத்துக்காக வேண்டாம், உங்களை நம்பி ஆதாரை நீட்டிய பாட்டிக்காகச் செய்யுங்கள். வேலை முடிந்த ஸ்கேனை அன்றன்றே அழியுங்கள், டிஸ்க்கைப் பூட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செய்து முடித்தவர்கள் கமெண்டில் ‘முடிந்தது சார்’ என்று மட்டும் போடுங்கள், சாவியைப் போடாதீர்கள்! சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் பதில் சொல்கிறேன். மறுப்பு இருப்பவர்களும் வரலாம், காரணத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சூளகிரி