பார்லோ கைகழுவிய எண்

2147483647. இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. வாய்விட்டுச் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண்தான் என்று 1772இல் நிறுவியவர் லியோனார்ட் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் 4,792 பகா எண்கள். உட்கார்ந்து வகுத்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆய்லர் வகுக்கும் முன் யோசித்தார். இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். அப்படிப்பட்டவை நானூறுகூட இல்லை. அவற்றிலும் பகா எண்கள் போதும். ஒன்றும் வகுக்கவில்லை. எண்ணைவிட இந்தக் கெட்டிக்காரச் சோம்பல்தான் எனக்குப் பிடித்தது.

1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்த எண்ணிலிருந்து பிறக்கும் செவ்விய எண்ணே (தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்) மனிதர் காணப்போகும் மிகப் பெரியது என்று எழுதினார். விந்தையே தவிர உபயோகமில்லை. இதற்கு மேல் யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் வாதம். 1876இல் எத்வார் லூக்கா இதே வகையில் 39 இலக்கப் பகா எண்ணையே காட்டிவிட்டார்.

உபயோகமும் வந்தது. கணினியில் குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு இதுதான். 2014இல் யூடியூபில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைக் கணக்கு இதைத் தாண்டியது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8:44:07க்கு இதை முட்டும். அடுத்த நொடி அவற்றுக்கு 1901.

ஆனால் இந்தப் புகழில் பகாத்தன்மைக்குப் பங்கே இல்லை. 64 பிட் உச்சவரம்பு, அதாவது இரண்டின் 63ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண், ஏழாலேயே வகுபட்டுவிடும். அதனால் எந்தக் கணினியும் கெட்டுவிடவில்லை.

பகாத்தன்மை உழைப்பது வேறிடத்தில். ஓர் எண்ணை 16807ஆல், அதாவது ஏழின் ஐந்தாம் அடுக்கால், பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அதையே மறுபடி பெருக்குங்கள். ஒன்று முதல் 2147483646 வரை எல்லா எண்களும் தாறுமாறாக வந்து முடிந்த பிறகே முதல் எண் திரும்பும். போலித் தற்செயல் எண்களை உருவாக்கும் இந்த வழியை 1988இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரமாக முன்மொழிந்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஐபிஎம் 1960களில் பரப்பிய 'ராண்டு' என்ற நிரலோ, இந்த எண்ணுக்குப் பதிலாக, அதைவிட ஒன்று கூடுதலான இரண்டின் 31ஆம் அடுக்கால் வகுத்தது. அதில் எந்தப் பெருக்கியைப் போட்டாலும் கால்வாசி எண்களுக்குள் சுற்று முடிந்துவிடும். அவர்கள் தேர்ந்த 65539 இன்னும் மோசம்: மும்மூன்றாக எடுத்துப் புள்ளி வைத்தால், அத்தனையும் வெறும் 15 தளங்களில் அடுக்கி நின்றன.