யார் அந்தப் பெண்?

தைவான் நாட்டுத் தெருக்களில் குப்பை வண்டி வரும்போது ஒரு பியானோ மெட்டு ஒலிக்கும். கேட்ட மாத்திரத்தில் இல்லத்தரசிகள் பைகளோடு வாசலுக்கு விரைவர். சில வண்டிகளில் ஒலிப்பது பீத்தோவனின் மெட்டு; மற்றவற்றில் 'கன்னியின் பிரார்த்தனை'. பீத்தோவனை உலகறியும். மற்றதை இயற்றியவர் யார்?

தெக்லா பொந்தஜெவ்ஸ்கா என்னும் போலந்து நாட்டுப் பெண்மணி. அவரது படைப்பு 1856ஆம் ஆண்டு வார்ஸாவில் அச்சேறியது. பின்னர் பாரிஸ் இசை ஏடொன்றின் இணைப்பாக வெளிவந்து, ஐரோப்பாவின் வசதி படைத்த இல்லங்களிலெல்லாம் புகுந்தது. விருந்தினர் கூடும் வரவேற்பறையில் வீட்டுப் பெண்கள் வாசித்துக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்ட எளிய இசை அது. பண்டிதர்கள் அதனை எள்ளி நகையாடினர். (இசை கூடுமா, கூடாதா என்னும் வாதத்தை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். நமது கவலை அந்தப் பெண்ணின் வரலாறு பற்றியதே.)

அவ்வரலாறுதான் கிடைத்தபாடில்லை. போலிஷ் மொழியின் சிறப்பெழுத்தொன்று அவரது பெயரில் உண்டு. அயல்நாட்டு அச்சகத்தார் அதனைத் தத்தம் வசதிப்படி மாற்றி அச்சிட்டனர். இத்தகைய இசைத்தாள்களில் ஆண்டைக் குறிக்காமல் விடுவதும் அக்காலத்து வழக்கம். தாளின் அடியில் பொறித்துள்ள தகட்டு எண்ணைக் கொண்டே காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கும். பிறந்த ஆண்டை 1838 என்றனர் சிலர். 1834 என்றனர் வேறு சிலர். ஆண்டு பிந்தப் பிந்த அவரது வயது குறைந்தது. வயது குறையக் குறையக் கதை இனித்தது. 1838ஐக் கொண்டால், நூல் அச்சேறியபோது அவருக்குப் பதினெட்டே வயது. தலைப்பிலுள்ள கன்னியே இதை எழுதினாள் என நம்புவதற்கு வேறென்ன வேண்டும்?

நம் முஹத்திஸ்கள் இத்தகைய இனிப்பில் மயங்கியவர்கள் அல்லர். அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிடில் 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினர். தம் ஆசிரியரென ஒருவரை அவர் கூறினால், இருவரது பிறப்பையும் இறப்பையும் ஒப்பிட்டு, சந்தித்திருக்க இயலுமா எனக் கணக்கிட்டனர். ஒரே பெயருடையோரைப் பிரித்தறியவே ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீப் அல்பக்தாதி தனி நூல் இயற்றினார். கலீல் இப்னு அஹ்மத் என்னும் பெயரில் மட்டும் ஆறு பேரை இக்கலை நூல்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. இப்னு ஸஅத் தமது 'தபகாத்' நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். ஆயினும், நம் இல்லங்களில் பாட்டியின் பெயரைக் கேட்டால் 'இன்னாரின் உம்மா' என்றுதானே விடை வருகிறது!

தெக்லாவின் பிறப்பை இன்றைய ஆய்வாளர் பலர் 1829 என்றும், ஊரை வார்ஸாவுக்கு வடக்கேயுள்ள ம்வாவா என்றும் கொள்கின்றனர். 1834ஐ விடாதவர்களும் உளர். எனினும் கன்னிக் கதையைக் கலைப்பதற்குப் பிறந்த ஆண்டுகூடத் தேவையில்லை. யான் பரனோவ்ஸ்கி என்பவரை மணந்து, ஒன்பதாண்டு இல்லறத்தில் ஐந்து மக்களைப் பெற்றவர் அவர். மறைந்தது 1861 செப்டம்பர் 29. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 1856இல் அவர் கணவருடன் குடித்தனம் நடத்திய இல்லத்தரசி!

எனக்கு அந்தச் சிறுமியைவிட இந்தப் பெண்மணியே வியப்பளிக்கிறார். ஆண்டு மாறி ஆண்டு மகப்பேறு. அதனிடையே முப்பதுக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகள். 1829ஐக் கொண்டால் மறையும்போது வயது முப்பத்திரண்டு. 1834ஐக் கொண்டால் இருபத்தேழு. எப்படிப் பார்த்தாலும் குறுகிய வாழ்வே.

வார்ஸாவின் போவொன்ஸ்கி இடுகாட்டில் அவரது கல்லறைமேல் ஓர் இளம்பெண்ணின் சிலை நிற்கிறது. அதன் கையில் ஓர் இசைத்தாள் சுருள். அதில் அந்த ஒரே தலைப்பு. 'ஏற்கப்பட்ட பிரார்த்தனை' என்றொரு படைப்பையும் அவர் பின்னர் இயற்றினார். அதனை வாசிப்போர் அரிது.