காதை அடைப்பது தீர்வல்ல

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் போர் விமானம் கிளம்பும்போது, சில மீட்டர் தள்ளி மாலுமி ஒருவர் குனிந்து நிற்கிறார். காதுக்குள் அடைப்பான்; அதன் மேல் கவசம். எஞ்சினின் இரைச்சல் 150 டெசிபல் வரை போகும். இரண்டு காப்பும் சேர்ந்து தடுப்பது ஏறத்தாழ 30 டெசிபல்தான். மிச்சமுள்ள 120 டெசிபலை, அமெரிக்கத் தொழிலக நல அளவுகோலின்படி, ஒரு நாளில் பத்து விநாடிகூடத் தாங்கக் கூடாது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு கோரும் குறைபாடுகளில் காதிரைச்சலே முதலிடத்தில் இருக்கிறது. துப்பாக்கி, பீரங்கியோடு ஜெட் எஞ்சினுக்கும் இதில் பங்குண்டு.

சத்தமில்லாமல் போர் விமானம் ஏது என்பார்கள். பயணிகள் விமானத்தைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். எஞ்சினிலிருந்து பீறிடும் ஜெட் தாரையின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே ஒலி ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பது, 1952இல் பிரிட்டன் அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில் வகுத்த கோட்பாட்டிலிருந்து கிடைக்கும் கணக்கு. 1971இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இரைச்சலுக்கு வரம்பு விதித்தது. அகன்ற விசிறியும் மெதுவான தாரையும் கொண்ட எஞ்சின்கள் பரவின. வழியைக் காட்டியது அறிவியல். அதில் நடக்க வைத்தது சட்டம்.

போர் விமானத்தின் ஒடுங்கிய உடலில் அகன்ற விசிறிக்கு இடமில்லை. தாரை ஒலியை மிஞ்சிய வேகத்தில் பாய வேண்டும். ஆகவே, அந்தத் தாரையின் கொந்தளிப்பில் எந்தச் சுழல் சத்தம் எழுப்புகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆய்வகத்தில் தாரைக்குள் நுண்துகள்களைத் தூவி, லேசர் ஒளித்தகட்டைப் பாய்ச்சி, மைக்ரோவிநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு துகளும் நகர்ந்த தூரத்தை அந்த இடைவெளியால் வகுத்தால் அங்குள்ள காற்றின் வேகம் கிடைக்கும். சுற்றிலும் உள்ள ஒலிவாங்கிகளின் பதிவோடு இதைப் பொருத்தினால், சத்தத்தின் ஊற்று பிடிபடும். எஞ்சின் வாயின் விளிம்பில் ரம்பப் பல் வெட்டிப் பேரிரைச்சலைத் தணிப்பது இத்தகைய ஆய்வில் தேறிய வழி. அதனால் உந்துவிசை சற்றுக் குறைவது உண்மைதான். எவ்வளவு என்பதையும் அளந்தால்தான் சொல்ல முடியும்.

அளக்காமல் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள விட்பி தீவு சாட்சி. அங்கே க்ரௌலர் என்னும் போர் ஜெட் விமானங்களைப் பெருக்க அந்நாட்டுக் கடற்படை தயாரித்த சுற்றுச்சூழல் அறிக்கை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமான இரைச்சல் வகுப்பறைக் கற்றலை எவ்வளவு பாதிக்கும் என்று கணக்கிடாமல் விட்டதும் அதிலிருந்த ஒரு குறை.

பயணிகள் விமானத்துக்கு உள்ள இரைச்சல் வரம்பு ராணுவ விமானத்துக்கு இல்லை. இந்த விலக்கு இனியும் தொடரலாகாது. புதிய போர் எஞ்சினுக்கான கொள்முதல் ஒப்பந்தத்தில் உந்துவிசை, எரிபொருளோடு இரைச்சல் அளவும் நிபந்தனையாக வேண்டும். அதற்கான அளவீட்டு ஆய்வுக்கு நிலையான நிதி வேண்டும். பல்லாண்டு இழப்பீடு கொடுக்கும் அரசுக்கு இது வீண்செலவல்ல. சத்தம் பிறப்பது எஞ்சின் வாயில். அதைச் சமாளிக்கும் பொறுப்பை மட்டும் மாலுமியின் காதில் சுமத்துவது நியாயமில்லை.