சிறுவர் தாதியருக்குப் பொதுவானதொரு தராதரம்

உலக சுகாதார ஸ்தாபனம் 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023 இல் உலகெங்கும் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் பணியாற்றினர். மேலும் 58 இலட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை நிலவியது. இந்தத் தொகைகள் பேசப்படுகின்ற அளவுக்கு, நோயுற்ற குழந்தைகளைப் பராமரிப்பவர்கள் அதற்கென உரிய பயிற்சியைப் பெற்றவர்களா என்ற கேள்வி பேசப்படுவதில்லை.

சிறுவர் தாதியம் என்பது பொதுத் தாதியத்தின் சிறு கிளை மாத்திரமல்ல. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அதனை ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். ஒரு வயது வரை இவ்வெல்லை 50 ஆகவும், ஐந்து வயது வரை 40 ஆகவும் குறைகின்றது. மருந்தோ குழந்தையின் நிறையைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. தசமப் புள்ளி ஓரிடம் பிசகினால் மருந்து பத்து மடங்காகிவிடும். தனது வேதனையைச் சொல்லத் தெரியாத குழந்தையின் நிலை மோசமடைவதை முதலில் கண்டுகொள்ள வேண்டியவரும் தாதியே.

இருந்தபோதிலும், இப்பயிற்சி நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் சிறுவர் தாதியம் தனித் துறையாகப் பதிவு செய்யப்படுகின்றது. அமெரிக்காவில் பொதுத் தாதியாகப் பதிவு பெற்ற பின்னரே சிறுவர் துறைக்கான சான்றிதழ் பரீட்சைக்குத் தோற்ற முடியும். தனித்தனியே நடைபெற்ற மூன்று தாதியப் பயிற்சிகளை ஜேர்மனி 2020 இல் ஒன்றிணைத்தது. மூன்றாம் ஆண்டில் சிறுவர் துறையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு மாத்திரம் எஞ்சியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005 ஆம் ஆண்டுப் பணிப்புரை பொதுத் தாதியருக்கு மூன்றாண்டுகள், 4,600 மணித்தியாலங்கள் என்ற அளவுகோலை வகுத்து, அவர்களது தகைமைக்குத் தன்னியக்க அங்கீகாரம் வழங்குகின்றது. சிறுவர் தாதியரின் விசேட தகைமைக்கு அத்தகைய அங்கீகாரம் இல்லை.

எனவே, சர்வதேச ரீதியில் பொதுவானதொரு தராதரம் அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அது யாருக்குப் பயன்படும் என்பதே பிரதான கேள்வியாகும். உலகத் தாதியரில் ஏழு பேருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டிற்கு வெளியே பணியாற்றுகின்றார். செல்வந்த நாடுகளில் வெளிநாட்டில் பிறந்தோரின் பங்கு 23 சதவீதம். எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் விமான நிலையத்திற்கான வழியை மாத்திரம் திறந்துவிடுமாயின், பயிற்சியளித்த வறிய நாட்டின் குழந்தைகள் கைவிடப்படுவர். சுகாதாரப் பணியாளரை ஆட்சேர்ப்பது தொடர்பில் 2010 இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையும் நாடுகளைச் சட்டரீதியாகக் கட்டுப்படுத்துவதல்ல. 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் சுகாதாரத் துறையினர் நாட்டைவிட்டு வெளியேறியதைக் கண்ட எமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தராதரத்தை வகுப்போர் மூன்று விடயங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பெருநகர வைத்தியசாலையில் மட்டுமன்றி மாவட்ட வைத்தியசாலையிலும் கற்பிக்கக்கூடியதாக அது அமைய வேண்டும். இரண்டாவது, தகைமை பெற்றவருக்குச் சொந்த நாட்டிலேயே பதவியுயர்வும் கொடுப்பனவும் கிடைக்க வேண்டும். மூன்றாவது, தாதியரை அழைத்துக்கொள்ளும் நாடுகள் பயிற்சிச் செலவில் பங்கேற்க வேண்டும்.

இலங்கைக்கு இது புதிய பாடமல்ல. எமது நாட்டில் தாய், சேய் மரணங்கள் குறைந்ததில், தனிப் பயிற்சியும் தெளிவான கடமைகளும் வழங்கப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட மருத்துவ மாதருக்குப் பெரும் பங்குண்டு. அதே முறையை நோயுற்ற சிறுவரின் விடுதிகளிலும் கைக்கொள்ளலாம். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் மட்டும் நிபுணத்துவம் குவிந்திருப்பது போதாது. வடக்கு, கிழக்கு, மலையகக் குழந்தைகள் முதலில் சென்றடைவது அண்மையிலுள்ள வைத்தியசாலையையே.

மற்றுமொன்றையும் இங்கு வலியுறுத்த வேண்டும். குழந்தையின் நோயைத் தாதிக்கு எடுத்துச் சொல்பவர் தாய். தமிழில் பேசும் தாயின் சொல் விளங்காத விடுதியில் எந்தச் சான்றிதழும் முழுமையடையாது. நோயாளரின் மொழியறிவும் சிறுவர் தாதியரின் தகைமைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட வேண்டும். சுகாதார அமைச்சு இதனைக் கவனத்திற்கொள்ளும் என எதிர்பார்க்கின்றோம்.