உரிமைக்குத் துணை நிற்கும் தோழமை

1986-ஆம் ஆண்டில், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு மாணவி நிர்மலா, சென்னைக் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களிடம் சேகரித்த இரத்தத்திலேதான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தேசம் முழுவதையும் எச்சரிக்க உதவிய அச்சமூகத்துக்குக் கைம்மாறாகக் கிட்டியதோ, தண்டனைக் காலம் முடிந்த பின்னும் நீடித்த சிறைவாசம். சமூகச் செயற்பாட்டாளர் ஷியாமளா நடராஜ் தொடுத்த வழக்கில், 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அப்பெண்களுக்கு விமோசனம் பிறந்தது.

அரசின் காவலில் உள்ளோருக்கு எச்.ஐ.வி. தடுப்பும் ஆலோசனையும் சிகிச்சையும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும், அவ்வுரிமையை அச்சமின்றி நாடச் செய்வது, காவலின் இன்னலைத் தானும் அனுபவித்த ஒரு சகோதரியின் வார்த்தையே என்பது என் திடமான அபிப்பிராயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தின் படியேறும் பெண்ணுக்கும், ஜாமீனில் இராஜபாளையம் திரும்பி நூற்பாலையில் மீண்டும் வேலை தேடும் பெண்ணுக்கும், ஆணுறையைப் பற்றியும் ரகசியம் காக்கப்படும் இலவசப் பரிசோதனையைப் பற்றியும் கூசாமல் எடுத்துரைத்து, அப்பரிசோதனை நடக்கும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் வரை உடன் செல்ல அத்தகையவள் ஒருத்தி வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் இணைந்து அத்தகைய சகோதரிகளுக்குப் பயிற்சியும் மாத ஊதியமும் அளித்தல் அவசியம். தொண்டு என்னும் பெயரால் ஏழைப் பெண்களின் உழைப்பை விலையின்றிப் பெறுவது தர்மமன்று.